எல்லை தாண்டிய மழைமானி

உங்கள் தெருவில் மழை கொட்டித் தீர்த்திருக்கும். நாலு தெரு தள்ளிப் போனால் மண்கூட நனைந்திராது. அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்திலுள்ள ஃபோர்ட் காலின்ஸ் நகரில் 1997 ஜூலை 28 அன்று இந்த வேடிக்கை விபரீதமாயிற்று. நகரின் மேற்குப் பகுதியில் ஒரே மாலையில் சுமார் 10 அங்குல மழை. சில மைல் கிழக்கே 2 அங்குலத்துக்கும் குறைவு. வெள்ளத்தில் 5 பேர் மாண்டனர். பல்கலைக்கழக நூலகத்தில் இலட்சக்கணக்கான நூல்கள் நீரில் ஊறின.

அரசின் மழைமானிகள் ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் இருந்தன. பெருமழை எங்கே கொட்டியது என்பதை, வெள்ளம் வடிந்த பின் பொதுமக்களை விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள முடிந்தது. அப்படி விசாரித்தவர்களில் ஒருவர் நோலன் டோஸ்கன் என்னும் தட்பவெப்ப ஆய்வாளர். வீட்டுக்கு வீடு மழைமானி இருந்தால் என்ன என்று எண்ணி, 1998-ல் அவ்வூர்த் தொண்டர்களைக் கொண்டு அவர் தொடங்கிய அமைப்பின் பெயர் கோக்கோராஸ்.

அவர்களுடைய கருவியைச் சற்றுப் பார்ப்போம். 4 அங்குல விட்டமுள்ள பிளாஸ்டிக் உருளை. அதன் வாயில் ஒரு புனல். உள்ளே ஒரு சிறு குழாய். குழாயின் குறுக்குப் பரப்பு, வாயின் பரப்பில் பத்தில் ஒரு பங்கு. ஆகவே 1 மில்லிமீட்டர் மழை குழாயில் 1 சென்டிமீட்டர் உயரம் நிற்கும். குழாயின் விட்டம் எவ்வளவு? விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவே பரப்பு மாறும் என்பதை நினைவில் கொண்டு நீங்களே கணக்கிடுங்கள், சுமார் 1.26 அங்குலம் வரும். நீர் மட்டம் குழாய்ச் சுவரருகே சற்று ஏறி வளைந்திருக்கும். வளைவின் அடியைக் கண்மட்டத்தில் வைத்துப் படிக்க வேண்டும். பட்ட வகுப்பு மாணவர்களும் இதில் தடுமாறுவதுண்டு!

தகர டப்பா போதாதா என்று கேட்பீர்கள். ஒருவர் வீட்டில் டப்பா, மற்றவர் வீட்டில் வாளி என்றால் இரண்டு அளவுகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. கருவி ஒரே வகையாக இருக்க வேண்டும். மரத்தடியில் வைக்கக் கூடாது. நாள்தோறும் காலை 7 மணியளவில் பார்க்க வேண்டும். மழை பெய்யாத நாளில் ‘பூஜ்யம்’ என்று எழுதி அனுப்ப வேண்டும். இது பலருக்குச் சலிப்பூட்டும் வேலை. ஆனால் எழுதாமல் விட்டால், மழை இல்லையா, அல்லது வீட்டுக்காரர்தான் ஊரில் இல்லையா என்பது எப்படித் தெரியும்? வறட்சியைக் காட்டுவன இந்தப் பூஜ்யங்களே.

அமைப்பு எல்லை தாண்டியதற்கு, ஆர்வத்தைவிட இந்தக் கண்டிப்பான ஒழுங்குதான் பெரிய காரணம் என்பது என் எண்ணம். 2010-க்குள் 50 மாநிலங்களுக்கும் பரவிற்று. 2011 இறுதியில் கனடாவின் மானிடோபா மாகாணம் சேர்ந்தது. பின்னர் பகாமாஸ் தீவுகளும் சேர்ந்தன. அமெரிக்கர் அங்குலத்திலும் கனடியர் மில்லிமீட்டரிலும் அளக்கிறார்களே எனலாம். அது ஒரு பொருட்டன்று, 25.4 ஆல் பெருக்கினால் தீர்ந்தது. ஒருவர் காலையிலும் மற்றவர் மாலையிலும் அளந்திருந்தால் எந்தப் பெருக்கலும் உதவாது.

மானிடோபாவுக்கு இதில் தேவையும் உண்டு. ரெட் ஆறு அமெரிக்காவிலிருந்து வடக்கு நோக்கி அம்மாகாணத்துக்குள் பாய்கிறது. எல்லைக்குத் தெற்கே விழும் பனி, வசந்தத்தில் உருகி அங்கே வெள்ளமாக வரலாம். விழுந்த பனியை உருக்கி, அதே குழாயில் ஊற்றி, அதிலுள்ள நீரையும் தொண்டர்கள் அளக்கிறார்கள்.

வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். பெருமழைகள் மேலும் வலுக்கக் காரணம் இதுவே. ஆனால் ஓரிடத்தில் மழையின் போக்கு மாறியிருக்கிறதா என்று சொல்லச் சில ஆண்டுக் கணக்குப் போதாது. 30 ஆண்டுச் சராசரியை ஓரிடத்தின் தட்பவெப்பமாகக் கொள்வது வழக்கம். 1998-ல் முதன்முதலாக மழைமானி வைத்தவர்களுக்கே அந்தக் கணக்கு 2028-ல்தான் நிறையும். பிறகு வந்தவர்கள் இன்னும் பல ஆண்டுகள் காலையில் எழுந்து குழாயைப் பார்க்க வேண்டும். பல நாள் அதில் ஒன்றும் இராது.