அரிவாளின் பதமும் சாணையும்

சிவகங்கை மாவட்டத்தில் அரிவாள் என்றதும் திருப்பாச்சேத்தியின் பெயரே முதலில் நாவில் வரும். அவ்வூர்க் கொல்லர்களின் கைத்திறன் அத்தகையது. ஆனால், நல்ல அரிவாளை வாங்கிய பின்னர் அதைத் தீட்டும் முறையில் நாம் போதிய கவனம் செலுத்துவதில்லை என்றே கூற வேண்டியிருக்கிறது.

கிராமக் கொல்லர்கள் பெரும்பாலும் பழைய லாரி வில்பட்டையைக் கொண்டே அரிவாள் அடிக்கின்றனர். அந்த எஃகில் நூற்றுக்கு அரைப் பங்கை ஒட்டிக் கரி கலந்திருப்பதால், செக்கச் சிவக்கக் காய்ச்சி நீரில் தோய்த்ததும் அது கடினமாகிறது. அவ்வாறே விட்டால் எளிதில் ஒடியும். ஆகவே மீண்டும் சிறிது சூடு காட்டி, விளிம்பு வைக்கோல் நிறம் அடைந்ததும் நிறுத்திவிடுகின்றனர். ஏறத்தாழ 230 டிகிரி சென்டிகிரேடு சூடு அது. பதம் என்பது இதுவே.

மின்சாரச் சாணையில் நீரின்றிப் பிடிக்கும்போது இந்தப் பதத்திற்குத்தான் ஆபத்து. விளிம்பு மெல்லியதாகையால் நொடியில் சூடேறுகிறது. 300 டிகிரியை நெருங்கினால் நீல நிறம் படரும். அவ்விடம் மென்மையாகிவிட்டது என்று பொருள். பிறகு நீரில் முக்குவதால் பயனில்லை. அன்று நன்றாகவே வெட்டும். மறுநாள் கருவேலங்கட்டையில் நாலு போடு போட்டதும் மழுங்கும். மழுங்கிய அரிவாள் வழுக்கிக் காலில் பாய்வதும் உண்டு. சந்தேகமிருந்தால் அரத்தை முதலில் முதுகிலும் பிறகு விளிம்பிலும் ஓட்டிப் பாருங்கள். இரண்டிடத்திலும் ஒன்றுபோல் எளிதாகக் கடித்தால் பதம் போயிற்று. மறுபடி உலைக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

சாணைக்காரரிடம் கொடுக்கும்போது அடிக்கடி நீரில் முக்கிப் பிடிக்கச் சொல்லுவது நமது உரிமை. கையால் தொட முடியாத சூடு ஏறவே கூடாது.

நீர் தெளித்த தீட்டுக்கல்லில் சூட்டுக்கே இடமில்லை. நேரம்தான் சற்றுக் கூடுதலாகும். முதலில் சொரசொரப்பான கல், பிறகு வழவழப்பானது. ஒரு புறம் தீட்டத் தீட்ட மறுபுறத்தில் மெல்லிய பிசிறு எழும். அதை இருபுறமும் மாற்றி மாற்றி மென்மையாகத் தேய்த்து நீக்காவிடில் கூர் நில்லாது. கறிக்கத்திக்கு ஒவ்வொரு புறமும் 15 முதல் 20 டிகிரி சாய்வு போதும். விறகு வெட்டும் அரிவாளுக்கு 25 முதல் 30 வேண்டும். கத்தியைப் போல் மெலிதாக்கினால் விளிம்பு பெயர்ந்துவிடும்.

கருக்கரிவாளைச் சாணையில் வைப்பதே தவறு. பற்கள் தேய்ந்து மறைந்துவிடும். கொல்லரிடம் புதிதாகப் பல் வெட்டிக்கொள்ளுவதே முறை.

பஞ்சாயத்தின் பொதுக் குழாயடியில் பெரிய தீட்டுக்கல் ஒன்றைப் பதித்து வைக்கலாம் என்பது நமது யோசனை. செலவு சொற்பம். நாளடைவில் கல் நடுவில் குழிந்தால், தட்டையான கற்பலகையில் மணலும் நீரும் இட்டுத் தேய்த்துச் சமன் செய்துகொள்ளலாம்.