பொண்ணு நிறத்தை மாத்தாதீங்க! கங்கைகொண்ட சோழபுரத்தில் ஒரு போட்டோ பாடம்

கல்யாண ஆல்பம் வீட்டுக்கு வந்ததும் பாட்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு புரட்டுவார். "படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா, நம்ம பொண்ணு மாதிரியே இல்லையே!" என்று அவர் சொன்னால், போட்டோகிராபர் எங்கேயோ கோட்டை விட்டிருக்கிறார் என்று அர்த்தம். பெரும்பாலும் முகத்தை வெளுத்த இடத்தில்தான்.

பெரம்பலூர், அரியலூர் பக்கம் அவுட்டோர் படம் எடுக்க ரஞ்சன்குடிக் கோட்டை, கங்கைகொண்ட சோழபுரம் என நல்ல இடங்கள் உண்டு. வெயிலுக்கும் பஞ்சமில்லை. உச்சி வெயிலில் ஆளை நிறுத்தினால் கண்குழியிலும் மூக்குக்குக் கீழும் கரிய நிழல் விழும். அதைச் சரிக்கட்ட எடிட்டிங்கில் வெளுப்பார்கள். மாநிறப் பெண்ணின் முகம் சாம்பல் பூசியதுபோல ஆகிவிடும்.

நிழலைத் தேடுங்க

ராஜேந்திர சோழன் கட்டிய கோயில் கிழக்கு பார்த்தது. காலையில் முகப்பில் வெயில் அடிக்கும். மாலையில் சூரியன் சுமார் 180 அடி உயர விமானத்துக்குப் பின்னால் இறங்க, கிழக்குப் பக்கம் நிழல் நீளும். அந்த நிழலின் விளிம்புக்குச் சற்று உள்ளே, திறந்த வானத்தைப் பார்த்தபடி பெண்ணை நிறுத்துங்கள். முகத்தில் வெளிச்சம் சமமாகப் படியும். கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி மின்னும். படத்துக்கு உயிர் அதுதான். வெளிச்சம் போதவில்லையா? தெர்மாகோல் அட்டையையோ மடித்த வெள்ளை வேட்டியையோ பக்கத்தில் பிடித்தால் போதும்.

செல்போன் என்றால் முதலில் பியூட்டி மோடை அணையுங்கள். திரையில் முகத்தைத் தொட்டு, வெளிறித் தெரிந்தால் வெளிச்சத்தைக் குறையுங்கள். மிக நெருங்கி எடுத்தால் மூக்கு பெரிதாகும். நாலடி பின்னால் போய் 2 மடங்கு ஜூமில் எடுங்கள்.

இந்த வெளுப்புக்கு ஒரு வரலாறும் உண்டு. கலர் ஃபிலிம் காலத்தில், லேப்களில் நிறம் சரிபார்க்க கோடாக் தந்த 'ஷர்லி கார்டு'களில் பல்லாண்டுகள் வெள்ளைக்காரப் பெண்களின் முகம்தான் இருந்தது. கறுத்த மேனியை உள்ளபடி காட்ட 2021-ல் பிக்சல் 6 போனில் 'ரியல் டோன்' என்ற வசதியை கூகுள் தனியாகச் சேர்க்க வேண்டியிருந்தது.

கைக்கு ஒரு வேலை

"கையை எங்க வெச்சுக்கறது?" என்று எல்லோரும் தவிப்பார்கள். பதில் கோயிலின் வடக்கு வாசலை ஒட்டியே இருக்கிறது. குனிந்து கைகூப்பிய சண்டேசரின் தலையில் சிவபெருமான் மாலை சுற்றும் சிற்பம் அது. ஒவ்வொரு கைக்கும் ஒரு வேலை. கேமராவுக்காக யாரும் விறைத்து நிற்கவில்லை. நீங்களும் அப்படியே வளையலைச் சரிசெய்யவோ, அம்மாவைப் பூ வைத்துவிடவோ சொல்லுங்கள். கை தானாக இயல்பாகிவிடும்.

2004-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கோயில் இது. ட்ரைபாட், பெரிய கேமரா செட்டுடன் போவதற்கு முன் தொல்லியல் துறையிடம் அனுமதி கேளுங்கள். சிற்பத்தில் சாய்ந்து போஸ் வேண்டாம்.

அடுத்த ஆல்பத்தைப் புரட்டும் பாட்டி, "நம்ம பொண்ணேதான்!" என்று சொல்லட்டும்.