பஸ் ஸ்டாண்டில் நிற்பது குற்றமா? திருநங்கைகளும் காவல் நிலையமும்

இரவு பத்தரை மணி. ஊருக்குப் போகும் கடைசி பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறீர்கள். ரோந்து ஜீப் வந்து நிற்கிறது. "எங்க போகணும்?" என்று ஒரு கேள்வி. ஊர்ப் பெயரைச் சொல்கிறீர்கள். "பார்த்துப் போங்க" என்று சொல்லிவிட்டு ஜீப் நகர்ந்துவிடும்.

உங்களுக்கு நாலடி தள்ளி, அதே பஸ்ஸுக்காக ஒரு திருநங்கையும் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கையிலும் பை இருக்கிறது, டிக்கெட்டுக்குக் காசு இருக்கிறது. ஆனால், அவரிடம் கேட்கப்படும் கேள்வி பெரும்பாலும் வேறாக இருக்கும். "ஏய், உனக்கு இங்க என்ன வேலை?" மரியாதை முதல் வார்த்தையிலேயே போய்விடுகிறது. அவர் சொல்லும் பதில் பிடிக்கவில்லை என்றால் ஜீப்பில் ஏறச் சொல்வார்கள். பொது இடத்தில் தொல்லை கொடுத்ததாக ஒரு பெட்டி கேஸ், ஓர் அபராதம். அதோடு முடிந்தால் அவர் அதிர்ஷ்டசாலி.

யாருக்கு, எப்போது, என்ன தொல்லை கொடுத்தார்? அந்தக் கேள்வியை அங்கே யாரும் கேட்பதில்லை. அவர் யார் என்பதே போதுமானதாக இருக்கிறது.

இந்தச் சந்தேகத்துக்கு வயது 150-க்கும் மேல். 1871-ல் ஆங்கிலேய அரசு குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்ததை நாம் பள்ளிப் பாடத்திலேயே படித்திருப்போம். அந்தச் சட்டத்தில் திருநங்கைகளுக்கென்று தனி அத்தியாயமே இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. சந்தேகத்துக்குரியவர்கள் என்று கருதியவர்களின் பெயர், முகவரியைப் பதிவேட்டில் ஏற்றினார்கள். அப்படிப் பெயர் ஏறியவர் பெண் உடையில் வெளியே வந்தாலோ, பொது இடத்தில் ஆடிப் பாடினாலோ வாரன்ட் இல்லாமல் பிடிக்கலாம். இரண்டு ஆண்டு வரை சிறை. தத்தெடுக்க முடியாது, உயில் எழுத முடியாது.

1884-ல் அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. போலீஸ் கண்காணிப்பில் இருந்த ஒருவர், பெண் உடை அணிந்து கிராமத்தில் பெண்களோடு பாடிக்கொண்டிருந்தார் என்று பிடித்து, மருத்துவப் பரிசோதனை செய்து, கீழ் நீதிமன்றத்தில் தண்டனையும் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. எந்த நாளில், எந்த இடத்தில், யாரோடு அவர் குற்றம் செய்தார் என்று அரசுத் தரப்பால் சொல்லவே முடியவில்லை. அந்த ஆங்கிலேய நீதிபதிக்கு அவர்மேல் அனுதாபம் ஒன்றும் கிடையாது. இப்படிப்பட்டவர்களை அடக்க நினைத்த அதிகாரிகளைத் தீர்ப்பிலேயே பாராட்டவும் செய்தார். அப்படியும் நாள், இடம், ஆள் இல்லாமல் குற்றம் இல்லை என்று விட்டுவிட்டார். 1884-ல் கேட்ட அந்தக் கேள்வி, 2006-ல் சென்னையில் கேட்கப்பட்டிருந்தால் ஓர் உயிர் மிஞ்சியிருக்கலாம்.

ஒரு சகோதரியின் வழக்கு

அந்த ஆண்டு, திருட்டுச் சந்தேகத்தில் ஒருவரைச் சென்னைக் காவல் நிலையம் ஒன்றுக்குக் கொண்டுபோனார்கள். அவர் திருநங்கை. காவல் நிலையத்தில் அவருக்குப் பாலியல் சித்திரவதை நடந்தது. அதைத் தாங்க முடியாமல் தன்னையே தீக்கு இரையாக்கிக்கொண்டார், பிழைக்கவில்லை.

பொதுவாக இப்படிப்பட்ட மரணங்கள் அதோடு முடிந்துவிடும். கேட்க ஆள் இருக்காது. வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவருக்காக எந்த வீட்டிலிருந்து ஆள் வரும்? இந்த வழக்கில் வந்தார்கள். கூடப்பிறந்த சகோதரி சென்னை உயர் நீதிமன்றத்தின் படியேறினார். 2007-ல், குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கும்படி நீதிமன்றம் அரசுக்கு உத்தரவிட்டது. அந்தச் சகோதரி வழக்குப் போடாமல் இருந்திருந்தால், இன்று இதை எழுத ஒரு தாள்கூட மிஞ்சியிருக்காது.

2016 நவம்பரில், சென்னையில் மறுபடியும் ஒரு காவல் நிலையத்தின் அருகே, தீக்காயங்களோடு ஒரு திருநங்கை இறந்தார். தானே தீ வைத்துக்கொண்டார் என்றது காவல்துறை. தோழிகள் அதை ஏற்கவில்லை, வீதியில் இறங்கிப் போராடினார்கள். இத்தனைக்கும், மூன்றாம் பாலினத்தவருக்கும் அரசியல் சட்டம் தரும் எல்லா உரிமையும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15-ம் தேதியே சொல்லிவிட்டிருந்தது. நாட்டிலேயே முதல் நல வாரியத்தை 2008-ல் அமைத்ததும் தமிழ்நாடுதான். 'திருநங்கை' என்ற மரியாதையான சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்ததும் நாம்தான். சொல் மாறிய வேகத்தில் ஸ்டேஷன் மாறவில்லை.

காக்கிச் சட்டைக்குள் ஒருவர்

மாற்றமே இல்லை என்றும் சொல்ல முடியாது. சேலத்தைச் சேர்ந்த பிரித்திகா யாஷினியை நினைவிருக்கும். சப்-இன்ஸ்பெக்டர் வேலைக்கு விண்ணப்பித்தார். விண்ணப்பத்தில் இருந்தது ஆண், பெண் என்ற இரண்டு கட்டம் மட்டும். நிராகரித்துவிட்டார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் நீதிமன்றம் போய், தேர்வு எழுதி, ஓட்டத்தில் சுமார் ஒரு விநாடி பிந்தியதற்கும் வாதாடி, 2015 நவம்பரில் சாதகமான தீர்ப்பு வாங்கினார். 2017 ஏப்ரலில் தர்மபுரியில் பணியில் சேர்ந்தார். இந்தியாவின் முதல் திருநங்கை சப்-இன்ஸ்பெக்டர்.

2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்தது இன்னும் சுவாரஸ்யம். ஒருவரையொருவர் விரும்பிய இரண்டு இளம்பெண்கள் மதுரையிலிருந்து சென்னைக்கு வந்துவிட்டார்கள். பெற்றோர் 'காணவில்லை' என்று புகார் கொடுக்க, போலீஸ் தேடத் தொடங்கியது. பாதுகாப்புக் கேட்டு இருவரும் நீதிமன்றம் போனார்கள். வழக்கை விசாரித்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தனக்கே முழுதாகப் புரியவில்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, ஒரு உளவியல் நிபுணரிடம் மாணவரைப் போல உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். அதன் பிறகுதான் தீர்ப்பு எழுதினார். நீதிபதி ஸ்தானத்தில் இருப்பவர் 'எனக்குத் தெரியாது' என்று சொல்வது சாதாரணம் இல்லை. நம் வீட்டுப் பெரியவர்கள் எத்தனை பேர் சொல்வார்கள்?

அந்த வழக்கின் தொடர்ச்சியாக, 2022-ல் தமிழ்நாடு அரசு காவலர் நடத்தை விதிகளில் 24-சி என்ற புதிய விதியைச் சேர்த்தது. திருநங்கைகள், திருநம்பிகள், தன்பால் ஈர்ப்பாளர்கள் உள்ளிட்டோரையும், அவர்களுக்காக வேலை செய்பவர்களையும் எந்தக் காவலரும் துன்புறுத்தக் கூடாது. மீறினால் துறை நடவடிக்கை எடுக்கலாம்.

விதியின் கீழே ஒரு விளக்கமும் உண்டு. சட்டப்படி நடக்கும் விசாரணை, துன்புறுத்தல் ஆகாது. இது நியாயமான விளக்கம்தான். விசாரணையே கூடாது என்று யாரும் கேட்கவில்லை. ஆனால், நடுரோட்டில் நிறுத்தி அவமானப்படுத்தியவரும் நாளை 'விசாரிச்சேன் சார்' என்றுதான் சொல்வார். எது விசாரணை, எது துன்புறுத்தல் என்பதைக் காட்ட எழுத்தில் ஏதாவது இருக்க வேண்டும். பெட்டி கேஸ் போடாமல் மிரட்டி மட்டும் அனுப்பிய இரவுக்கு எழுத்தில் என்ன இருக்கும்?

சட்டத்தில் உள்ள இன்னொரு ஓட்டை பெரியது. பெண்ணைப் பாலியல் வன்கொடுமை செய்தால், குறைந்தது 10 ஆண்டு சிறை, ஆயுள் வரையும் போகலாம் என்கிறது பாரதிய நியாய சன்ஹிதா. திருநங்கைகளுக்கென்று 2019-ல் வந்த பாதுகாப்புச் சட்டமோ, உடல்ரீதியான, பாலியல்ரீதியான கொடுமைகளுக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை என்று வைத்தது. காயம் ஒன்று, கணக்கு இரண்டு. பெண் என்ற சொல்லுக்குள் திருநங்கையும் வருவார் என்று ஒவ்வொரு முறையும் நீதிமன்றத்தில் வாதாட வேண்டியிருக்கிறது.

'அவங்க மட்டும் ஒழுங்கா?'

இதைப் படிக்கும் சிலருக்கு ரயிலிலோ, கடைத்தெருவிலோ கசப்பான அனுபவம் இருக்கலாம். கைதட்டி நின்று, பணம் கொடுக்கும் வரை நகராதவர்களை நானும் பார்த்திருக்கிறேன்; எரிச்சல்பட்டும் இருக்கிறேன். பள்ளியில் கேலி தாங்காமல் படிப்பை விட்டவருக்கு, வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டவருக்கு எந்தக் கடையில் வேலை கொடுத்தோம் என்று நம்மை நாமே கேட்க வேண்டியதுதான். அது ஒரு பக்கம். மிரட்டிப் பணம் பறித்தார் என்றால் தாராளமாகப் புகார் கொடுங்கள். எந்த நாள், எந்த இடம், எந்த ஆள் என்று சொல்லி, செய்தவர்மேல் கொடுங்கள். அவரைப் போலவே சேலை கட்டியிருக்கிறார் என்பதற்காக அடுத்த தெருவில் நடந்துபோகிறவரைப் பிடித்தால், நாம் இன்னும் 1871-ல்தான் இருக்கிறோம்.

இதில் அதிகம் பேசப்படாத நஷ்டம் ஒன்று உண்டு. போலீஸைக் கண்டால் ஒளிய வேண்டியவர், தனக்குத் திருட்டோ, அடியோ, வீட்டுக்காரரின் மிரட்டலோ நேர்ந்தால் எங்கே போவார்? ஸ்டேஷனுக்குப் போனால் தன்மேலேயே வழக்கு திரும்புமோ என்ற பயம். அதனால் புகாரே போவதில்லை. அவரை அடித்தால் கேட்க ஆளில்லை என்பது ரவுடிகளுக்கும் தெரிந்துபோகிறது.

உங்கள் உறவிலோ, தெருவிலோ, வேலை செய்யும் இடத்திலோ ஒரு திருநங்கையை போலீஸ் அழைத்துப்போனால், செய்யக்கூடியவை சில உண்டு. கைது என்றால் காரணம் சொல்ல வேண்டும், கைதுக் குறிப்பில் சாட்சிக் கையெழுத்து வேண்டும், உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் கொடுக்க வேண்டும், 1996-ல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். அங்கே, அடித்தார்கள் என்றால் வாய்விட்டுச் சொல்லலாம். மருத்துவப் பரிசோதனை கேட்கலாம். புகார் கொடுக்கப் போனவர் என்றால் சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பக் கூடாது. காவலில் இருப்பவருக்கு இலவச வக்கீல் கிடைக்க மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. அழைக்க வேண்டிய எண் 15100. தனியாக ஸ்டேஷனுக்குப் போகப் பயப்படுகிறவர் என்றால், கூடவே போய் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருங்கள். வெளியே ஒருவர் காத்திருக்கிறார் என்பது உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிந்தால், பேசும் தொனியே பல நேரம் மாறிவிடும்.