டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு உகந்த வேகம்

மாட்டு வண்டியில் பாரம் ஏற்றிச் சென்ற காலத்தில் வேகத்தைப் பற்றித் தனியே யோசிக்க வேண்டிய அவசியம் எவருக்கும் இருந்ததில்லை. மாடு நடக்கும் நடையே வண்டியின் வேகம். பாரம் மிகுந்தால் மாடு தானே நடையைக் குறைத்துக்கொள்ளும். இன்று மாட்டின் இடத்தில் எஞ்சின் வந்துவிட்டது. எஞ்சின் பாரத்தை இழுக்கும், அபாயத்தை அறியாது. ஆகவே, முன்பு மாடு செய்துவந்த தீர்மானத்தை இன்று வண்டி ஓட்டுகிறவர் செய்ய வேண்டியிருக்கிறது.

மதுராந்தகம், செங்கற்பட்டு வட்டாரங்களின் நெல் மூட்டைகளும், காஞ்சிபுரம் தறிகளுக்கு வேண்டிய நூலும், அங்கிருந்து வரும் துணிக் கட்டுகளும் பெரும்பாலும் தாம்பரத்தைத் தொட்டே போய் வருகின்றன. அவற்றில் ஒரு பகுதி டிராக்டரின் பின்னும், ஜீப் போன்ற வண்டிகளின் பின்னும் பூட்டிய டிரெய்லர்களில் செல்கிறது. அண்மைக் காலத்தில், படுக்கையும் அடுப்பும் அமைந்த வீட்டு டிரெய்லரைக் காரின் பின்னே பூட்டி உல்லாசப் பிரயாணம் செல்லும் வழக்கமும் நம் நாட்டில் சிறிது சிறிதாக வந்திருக்கிறது. இழுபடுவது நெல்லாயினும், நூலாயினும், வீடாயினும், எந்த வேகத்தில் செல்லலாம் என்ற கேள்வி ஒன்றுதான். அதற்குரிய விடையை நாம் இங்கே ஆராய்வோம்.

சட்டம் சொல்வது

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 112ஆம் பிரிவு வேக வரம்பைப் பற்றியது. அதன்கீழ் மத்திய அரசு 2018ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வெளியிட்ட அறிவிப்பின்படி, நடுவே தடுப்புடன் நான்கும் அதற்கு மேற்பட்ட தடங்களும் உள்ள சாலையில் கார்களுக்கு மணிக்கு 100 கிலோமீட்டர், சரக்கு வாகனங்களுக்கு 80 கிலோமீட்டர் உச்ச வரம்பாக விதிக்கப்பட்டது. நகராட்சி எல்லைக்குள் இவை முறையே 70, 60 என்று குறைக்கப்பட்டிருந்தன. உள்ளூர் அதிகாரிகள் இவற்றினும் குறைந்த வரம்பை விதிக்கலாம். அப்படி விதித்த இடத்தில் சாலைப் பலகையில் உள்ளதே சட்டம்.

இவை யாவும் மேல் வரம்பு என்பதை மறத்தலாகாது. இதற்கு மேல் போகாதே என்று பலகை சொல்கிறதே அன்றி, இந்த வேகத்தில் போ என்று சொல்லவில்லை. உன் டிரெய்லரில் எவ்வளவு பாரம் இருக்கிறது, அதற்குப் பிரேக் உண்டா, டயர் எத்தனை வருஷத்தது என்பன பலகைக்குத் தெரிய மாட்டா.

பிற நாடுகளின் வழக்கமும் கவனிக்கத்தக்கது. ஜெர்மனியில் டிரெய்லர் இழுக்கும் காருக்குப் பொதுவான வரம்பு மணிக்கு 80 கிலோமீட்டர். இங்கிலாந்தில் ஒற்றைச் சாலையில் 50 மைல், அதாவது ஏறத்தாழ 80 கிலோமீட்டர். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 55 மைல், அதாவது 88 கிலோமீட்டர் அளவு. டிரெய்லர் இல்லாத காரைக் காட்டிலும் குறைந்த வேகமே இம்மூன்று இடங்களிலும் விதிக்கப்பட்டிருக்கிறது. அன்றியும், இங்கிலாந்தில் 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குத் தனிப் பிரேக் கட்டாயம். நம் பக்கத்தில் ஓடும் டிரெய்லர்களில் பல தமக்கென்று பிரேக் இல்லாதவை. ஆகையால் அந்நாடுகளின் வேகத்தை அப்படியே நாம் எடுத்துக்கொள்வதற்கில்லை.

நிற்பதற்கு வேண்டிய தூரம்

வேகம் இரு மடங்கானால் வண்டியின் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகிறது. அத்தனையையும் பிரேக் உஷ்ணமாக மாற்றித் தீர்க்க வேண்டும். ஒருவர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒன்றரை வினாடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். உலர்ந்த சாலையில், நல்ல பிரேக் உள்ள தனி வண்டி 40 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 29 மீட்டரில் நிற்கும். 60இல் 53 மீட்டர் வேண்டும். 80இல் 83 மீட்டர் வேண்டும்.

இதே வண்டியின் பின்னே, அதன் எடையில் பாதி எடையுள்ள பிரேக் இல்லாத டிரெய்லரைப் பூட்டுவோம். முன்வண்டியின் பிரேக்கே இரண்டையும் நிறுத்த வேண்டும். அப்போது 40இல் 35 மீட்டரும், 60இல் 67 மீட்டரும், 80இல் 107 மீட்டரும் ஆகின்றன. 60இல் கூடுதலாக வேண்டியது 14 மீட்டர். 80இல் கூடுதலாக வேண்டியது 24 மீட்டர். வேகம் ஏற ஏற டிரெய்லர் கேட்கும் வட்டியும் ஏறுகிறது எனலாம்.

முன்னே செல்லும் வண்டிக்கும் நமக்கும் நான்கு வினாடி இடைவெளி இருத்தல் நலம். முன்வண்டி ஒரு விளக்குக் கம்பத்தைக் கடக்கும்போது நிதானமாக எண்ணத் தொடங்கி, நான்கு எண்ணிய பிறகே நாம் அக்கம்பத்தை அடைய வேண்டும். 50 கிலோமீட்டர் வேகத்தில் இது சுமார் 56 மீட்டர் தூரமாகும். மழையில் ஆறு வரை எண்ணுவது உசிதம்.

டிரெய்லர் ஆடுவது ஏன்?

நிற்பது ஒரு கவலை; நேராக ஓடுவது மற்றொன்று. சில டிரெய்லர்கள் ஒரு குறிப்பிட்ட வேகம் வரை ஒழுங்காக வரும். அதைத் தாண்டியதும் நாய் வாலை ஆட்டுவதுபோல் இருபுறமும் ஆடத் தொடங்கும். குறைந்த வேகத்தில் ஏற்படும் ஆட்டம் தானே அடங்கிவிடும். அந்த எல்லைக்கு மேல் ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகி, முடிவில் முன்வண்டியையும் இழுத்துக் கவிழ்க்கும்.

இதற்குப் பெரும்பாலும் காரணம் பாரம் ஏற்றிய முறையே. இரண்டு சக்கர டிரெய்லரில் பாரம் அச்சுக்குப் பின்னே மிகுந்தால், கொக்கியில் அழுத்தம் குறைந்து வால் கனக்கிறது. மொத்த எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கொக்கியின்மேல் அழுத்த வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 800 கிலோ டிரெய்லருக்கு 80 கிலோ. நெல் நிறுக்கும் மேடைத் தராசின்மேல் கொக்கியின் முனையைத் தாங்கி வைத்து இதை எளிதில் அளந்துவிடலாம். அளவுக்கு மிஞ்சி முன்னே ஏற்றினாலும் தீங்கே. முன்வண்டியின் முன்சக்கரங்கள் இலேசாகி ஸ்டியரிங் பிடி தளரும்.

நெசவாளர் ஏற்றும் சரக்குக்கும் விவசாயி ஏற்றும் சரக்குக்கும் இங்கே ஒரு வேற்றுமை உண்டு. நெல் மூட்டை கனமானது; தாழ உட்காரும்; பின்னின்று தள்ளும். துணிக் கட்டு அதைப்போல் கனப்பதில்லை, உயர்ந்து நிற்கும், காற்றைப் பிடிக்கும். வீட்டு டிரெய்லரும் துணிக் கட்டின் இனத்தைச் சேர்ந்ததே. பெரிய பஸ்ஸோ லாரியோ நம்மைக் கடந்து செல்கையில் அதன் காற்று முதலில் நம்மை வெளியே தள்ளி, பிறகு உள்ளே இழுக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் செல்கையில் பிற்பகற் கடற்காற்று பக்கவாட்டில் மோதும். உயர்ந்த சுமையுடன் செல்வோர் அங்கே வேகத்தைக் குறைத்தல் அவசியம்.

ஆட்டம் தொடங்கிவிட்டால் செய்ய வேண்டியது யாது? ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பற்றிக்கொண்டு, வேகம் தானே குறைய விட வேண்டும். முன்வண்டியின் பிரேக்கைப் பலமாக மிதித்தலோ, ஸ்டியரிங்கை மாறி மாறி ஒடித்தலோ, வேகத்தைக் கூட்டித் தப்ப முயலுதலோ கூடாது. டிரெய்லருக்குத் தனியே கைப்பிரேக் உள்ள வண்டியானால் அதை மட்டும் மெல்லப் பிடிக்கலாம். பிறகு ஓரமாக நிறுத்தி, பாரத்தை மாற்றி அடுக்கிய பின்னரே பிரயாணத்தைத் தொடர வேண்டும்.

டயரும் ஒரு வரம்பு

டயரின் பக்கச் சுவரில் அது தாங்கும் வேகத்திற்கு அடையாளம் இட்டிருப்பார்கள். விவசாய டயர்களில் ஏ6 என்றால் மணிக்கு 30 கிலோமீட்டர். ஏ8 என்றால் 40. மற்ற டயர்களில் எஃப் என்பது 80, ஜே என்பது 100. ஏ8 டயர் போட்ட டிரெய்லரை 60இல் இழுத்துச் செல்வது, எந்தச் சாலையானாலும், எந்தப் பலகையானாலும், தவறு. காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி விரிந்து சூடேறி வெடிக்கும். ஆதலால் காலையில் புறப்படும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றை அளக்க வேண்டும். மாதக்கணக்கில் வெயிலில் நின்ற டிரெய்லரின் டயர் தேயாமலிருந்தும் வெடிப்புக் கண்டிருக்கலாம். அதையும் பார்த்துக்கொள்வது நல்லது.

டிராக்டர் ஓட்டுவோருக்கு

டிராக்டருக்கு இருபுறச் சக்கரங்களுக்கும் தனித்தனிப் பிரேக் மிதிகள் உண்டு. வயலில் சட்டென்று திருப்புவதற்காக அவ்வாறு அமைத்திருக்கிறார்கள். சாலைக்கு வந்ததும் அவ்விரண்டையும் தாழ்ப்பாளால் இணைத்துவிட வேண்டும். இணைக்காமல் ஒன்றை மட்டும் மிதித்தால் டிராக்டர் ஒரு பக்கம் திரும்ப, டிரெய்லர் பின்னிருந்து தள்ளி மடித்துவிடும். இறக்கத்தில் நியூட்ரலில் விடுவதும் அவ்வாறே ஆபத்தானது.

டிராக்டரின் அபாயம் அதன் வேகத்தில் மட்டும் இல்லை. மற்ற வண்டிகளின் வேகத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்திலும் இருக்கிறது. 25இல் செல்லும் டிராக்டரை 80இல் வரும் லாரி வினாடிக்கு 15 மீட்டர் வீதம் நெருங்குகிறது. நூறு மீட்டர் இடைவெளி ஏழு வினாடிக்குள் தீர்ந்துவிடும். பின்னே எரியும் சிவப்பு விளக்கும், ஒளி திருப்பும் பட்டைகளும் இல்லாமல் இரவில் நெடுஞ்சாலைக்கு வருதல் ஒருபோதும் தகாது. அணுகுசாலை உள்ள இடங்களில் அதிலேயே செல்லுதல் வேண்டும்.

செங்கற்பட்டிலிருந்து தாம்பரம் வரை

முன்பு 45 என்ற எண்ணும் இப்போது 32 என்ற எண்ணும் கொண்ட ஜி.எஸ்.டி. சாலையில், செங்கற்பட்டுக்கும் தாம்பரத்துக்கும் இடையே உத்தேசம் 30 கிலோமீட்டர் தூரம். சாலை அகலமானதுதான். எனினும் சிங்கப்பெருமாள் கோயில், மறைமலை நகர், கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம், வண்டலூர், பெருங்களத்தூர் என்று ஊர்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. இரயில் நிலையங்களிலிருந்து வரும் ஜனங்கள் சாலையைக் கடக்கிறார்கள். 2023ஆம் ஆண்டு டிசம்பரில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறக்கப்பட்ட பிறகு வெளியூர் பஸ்கள் அங்கே வந்து கலக்கின்றன.

ஜீப்பின் பின்னே பிரேக் இல்லாத டிரெய்லருடன் வருவோர், டயரும் பாரமும் சரியாயிருந்தால், திறந்த சாலையில் 50ஐத் தாண்டாதிருக்கவும், ஊர்களை ஒட்டி 40க்கும், அணுகுசாலைக்கோ வெளிவட்டச் சாலைக்கோ திரும்பும் வளைவுகளில் 20க்கும் இறங்கவும் நாம் யோசனை சொல்வோம். பிரேக் உள்ள டிரெய்லருக்குத் திறந்த சாலையில் 60 போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இவ்வேகங்களில் மூன்றில் ஒரு பங்கையாவது குறைக்க வேண்டும். தண்ணீர் தேங்கிய இடத்தில் டயர் சாலையைத் தொடாமல் நீரின்மேல் மிதந்து செல்லும். அப்போது ஸ்டியரிங்கும் பிரேக்கும் பயன்படா.

இதனால் நேரம் வீணாகுமே என்று சிலர் கருதலாம். கணக்குப் பார்ப்போம். தடையே இல்லாத 30 கிலோமீட்டரை 60இல் கடக்க 30 நிமிஷம். 50இல் கடக்க 36 நிமிஷம். நஷ்டம் ஆறு நிமிஷம். பெருங்களத்தூர் நெரிசலில் அந்த லாபமும் கரைந்துபோவதை இவ்வழியே போய் வருவோர் யாவரும் அறிவர்.

சரக்கு போனால் மீட்கலாம்

இறுதியாக ஒன்று. திருவிழாவுக்கும் கலியாணத்துக்கும் ஆட்களை டிரெய்லரில் ஏற்றிச் செல்லும் வழக்கம் பல கிராமங்களில் இன்னும் நீங்கவில்லை. 2022ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி, உத்தரப் பிரதேசத்தில் கான்பூர் அருகே கோயிலிலிருந்து திரும்பிய டிராக்டர் டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்து இருபத்தைந்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பெண்களும் குழந்தைகளுமே அவர்களில் மிகுதி. சரக்கு டிரெய்லரில் ஆட்களை ஏற்றுவதற்குப் பாதுகாப்பான வேகம் என்று எதுவும் இல்லை.

மற்றபடி நம் கேள்விக்கு விடை சுருக்கமானது. சட்டம் ஒரு வேகத்தைச் சொல்லும். டயர் ஒன்றைச் சொல்லும். பிரேக் ஒன்றைச் சொல்லும். பாரம் ஒன்றைச் சொல்லும். அன்றைய சாலையும் வானமும் ஒன்றைச் சொல்லும். இவ்வைந்தில் எது குறைந்ததோ அதுவே நமக்கு உகந்த வேகம். பலர் மாறி மாறி எடுத்துச் செல்லும் பொது டிரெய்லர் வைத்திருக்கும் சங்கங்கள், அதன் வெறும் எடை, ஏற்றத்தக்க பாரம், டயருக்குரிய காற்று, செல்லத்தக்க உச்ச வேகம் ஆகிய நான்கையும் அதன் முன்பலகையில் பெரிய எழுத்தில் எழுதி வைத்தல் நலம். ஒரு டப்பா வர்ணத்தின் செலவுதான் ஆகும். அதைப் படித்துவிட்டுப் புறப்படும் அங்கத்தினரின் வீட்டில் விளக்கேற்றி வைத்துக் காத்திருப்பவர்களுக்கு அதன் மதிப்பு தெரியும்.