இடது மூலையில் நிற்பவன்

கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தை ஒட்டிய தேநீர்க் கடைகளில் கல்லூரி மாணாக்கர் கூடிப் பேசும் பொருள்கள் பல. திரைப்படம், தேர்வு, அரசியல் ஆகிய மூன்றும் அங்கு என்றும் உள்ளவை. கபடி அணி தோற்றுத் திரும்பிய மறுநாள் மட்டும் இம்மூன்றும் ஒதுங்கி நின்றுவிடும். அத்தகைய ஒரு காலைப்பொழுதில் எம் மாணவர் நால்வர் தம்முள் வழக்காடிக் கொண்டிருந்ததை அருகிலிருந்து கேட்க நேர்ந்தது. பேச்சு முழுதும் ஒருவனைப் பற்றியதே. எம் அணியில் முதன்மையாகப் பாடிச் செல்பவன் அவன். விளையாட்டுத் துறையார் மொழியில் சொன்னால் ‘ரைடர்’.

“அவனை நம்பித்தானே போனோம், பாதி ஆட்டம் வெளியிலேயே உட்கார்ந்திருந்தான்” என்றான் ஒருவன். “அவனை உள்ளே கொண்டுவர ஆள் இல்லையே மாப்பிள்ளை” என்றான் மற்றொருவன். “வரும் ஆண்டு வேறு ஊரிலிருந்து நல்ல ரைடரைச் சேர்த்தால் சரியாகிவிடும்” என்று மூன்றாமவன் தீர்ப்புக் கூறினான். நான்காமவன் என்னைக் கண்டு, “ஐயா, நீங்களே சொல்லுங்கள்” என்றான். தமிழாசிரியனிடம் கபடிக்குத் தீர்ப்புக் கேட்டால் அவன் தொல்காப்பியத்தில்தான் தொடங்குவான். அன்று அவர்களுக்குச் சொன்னதையும் சொல்ல விடுபட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

பகைவர் நிலத்துட் புகுந்து ஆநிரை கவர்வது வெட்சி. கவர்ந்த நிரையை மீட்பது கரந்தை. புறப்பொருள் வெண்பாமாலை இவ்விரண்டையும் தனித்தனித் திணைகளாக வைக்கிறது. தொல்காப்பியமோ கரந்தையை வெட்சியின் பகுதியாகவே கொள்கிறது. கபடியைப் பொறுத்தவரை தொல்காப்பியர் கொள்கையே பொருந்துவதாக எனக்குத் தோன்றும். மீட்பு இன்றிக் கவர்தல் நிலைக்காது. (‘கைப்பிடி’ என்பதே ‘கபடி’ ஆயிற்று என்று மேடைகளில் முழங்குவோர் உளர். கேட்க இனிதாக உள்ளது, சான்று போதாது. சடுகுடு என்னும் பெயரே நமக்குப் போதும்.)

மீட்பு என்று நான் சொல்வது ஆட்டவிதியில் உள்ள ஒன்றையே. களத்தில் ஓரணிக்கு எழுவர். பாடிச் செல்பவன் எதிரணியாரைத் தொட்டுத் தன் எல்லைக்குத் திரும்பினால், தொடப்பட்ட ஒவ்வொருவரும் வெளியேறுவர். அத்தனை பேர் இவ்வணியில் மீண்டும் உள்ளே வருவர். வெளியேறிய வரிசைப்படியே உள்ளே வருதல் வேண்டும். பாடி வந்தவனை மடக்கிப் பிடித்தாலும் ஒருவன் உயிர்பெறுவான். போனஸ் கோட்டைத் தாண்டிப் பெறும் புள்ளிக்கோ அந்த ஆற்றல் இல்லை. புள்ளிப்பலகையில் எண் ஏறும், வெளியே இருப்பவன் வெளியிலேயே இருப்பான். பார்வையாளர் பலர் கவனியாது விடுவது இதனையே.

இப்பொழுது ஒரு சிறு கணக்கு. ஆடவர் ஆட்டம் 40 நிமிடங்கள், இரு பாதிகள். ஒரு பாடலுக்கு 30 விநாடி. ஒவ்வொரு பாடலும் முழு நேரத்தைக் கொண்டாலும் ஆட்டத்தில் 80 பாடல்களே, ஓரணிக்கு 40. முதன்மை ரைடர் அவற்றுள் பாதியைத் தாமே பாட வேண்டும் என்று அணி திட்டமிடுகிறது. அவர் ஒரு முறை பிடிபட்டு வெளியே அமர்கிறார். பின்னிற்கும் தடுப்பாளர் அடுத்து வரும் எதிரியை மடக்கினால் அவர் உடனே எழுந்து வருவார். மடக்காவிடில், அடுத்தடுத்த பாடல்களை இரண்டாமவனும் மூன்றாமவனும் பாட நேரும். இருமுறை புள்ளியின்றித் திரும்பினால் மூன்றாவது பாடலில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும். எடுக்காவிடில் பாடியவன் வெளியேற்றம். ஆக, ரைடர் வெளியே அமர்ந்திருக்கும் நேரத்தின் நீளத்தை முடிவு செய்பவன் ரைடர் அல்லன். இடது மூலையிலும் வலது மூலையிலும் கணுக்காலுக்குக் குறிவைத்து நிற்கும் இருவரும், அவர்களோடு கைகோத்துச் சங்கிலியாய் நகரும் ‘கவர்’ ஆட்டக்காரர்களுமே அதனை முடிவு செய்கின்றனர்.

இவ்வழக்கு நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கக் கல்லூரிகள் ஆடும் கால்பந்து நாம் அறிந்த கால்பந்திலிருந்து வேறானது. பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுவது. அதில் பந்தைப் பெற்று எறியும் ‘குவார்ட்டர்பேக்’ என்பவனே அணியின் முகம். தோல்வி நேர்ந்தால் அவனை மாற்று என்பர். பள்ளிகளிலிருந்து இன்னும் சிறந்தவனை இழுத்து வா என்பர். அவனுக்கு முன்னே எதிரிகளைத் தடுத்து நிற்கும் ஐவரின் பெயரை நினைவில் வைத்திருப்போர் சிலரே. அவ்வைவர் சரிந்தால் அவனுக்கு எறியும் நேரமே கிட்டாது. 2021 முதல் அங்குள்ள கல்லூரி ஆட்டக்காரர் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்கு அளித்துப் பொருள் ஈட்டலாம் என்று ஆனபின், ஆள்சேர்ப்புச் சண்டை மேலும் சூடேறியிருக்கிறது.

நம்மவர் நாள்தோறும் வாதிடுவது தமிழ்த் தலைவாஸ் அணியைப் பற்றி. 2014இல் தொடங்கிய புரோ கபடித் தொடரில் இவ்வணி 2017இல் சேர்ந்தது. இமாசலப் பிரதேசத்தைச் சேர்ந்த அஜய் தாக்கூர் தலைவர். 2016 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஈரானை வெல்ல இந்தியாவுக்குப் பெருந்துணையாய் நின்ற ரைடர் அவர். அத்தகையவர் இருந்தும் அணி முதல் இரு தொடர்களிலும் தன் பிரிவில் கடையிடமே பெற்றது. 2019இல் அவரோடு ராகுல் சௌத்ரி போன்ற பெரும்பெயர்களும் சேர்ந்தன. மக்கள் கோப்பையே வந்துவிட்டதாக எண்ணினர். 12 அணிகளுள் 12ஆவது இடம் வந்தது. பயிற்சியாளர் இடையிலேயே மாற்றப்பட்டார்.

2022இல் நடந்ததுதான் வியப்பு. அவ்வாண்டு பவன் செராவத்தை 2 கோடியே 26 இலட்சம் ரூபாய்க்கு அணி ஏலத்தில் எடுத்தது. அதுவரை அத்தொடரில் எவருக்கும் தரப்படாத தொகை. 2019 சனவரியில் நடந்த இறுதியாட்டத்தில் தனியொருவராய் 22 புள்ளிகள் குவித்துப் பெங்களூரு அணிக்குக் கோப்பை பெற்றுத் தந்தவர் அவர். தமிழ்த் தலைவாஸின் முதல் ஆட்டத்திலேயே அவர் முழங்கால் காயமுற்றார். தொடர் முழுதும் ஆட இயலவில்லை. அணி அழிந்தது என்றே எல்லாரும் கூறினர். ஆனால் நரேந்தர் என்னும் புதுமுக இளைஞர் 200க்கும் மேற்பட்ட புள்ளிகளைப் பாடி எடுத்தார். அணி முதன்முறையாக அரையிறுதியை எட்டிப் புனே அணியிடம் 37–39 என்று இரண்டே புள்ளியில் தோற்றது. நரேந்தரைப் போற்றியோர் பலர். சாகர் ரத்தியும் சாகில் குலியாவும் இரு மூலைகளில் நின்று எதிரிகளைப் பிடித்துப் பிடித்து நரேந்தரை உள்ளே அனுப்பிக்கொண்டே இருந்ததைச் சொன்னோர் குறைவு. அதன்பின் 2023–24 தொடரிலும் 2024 தொடரிலும் அணி 9ஆவது இடத்துக்கு இறங்கியது. 2024இல் 2 கோடியே 15 இலட்சத்துக்கு மற்றொரு ரைடர் எடுக்கப்பட்டார் என்பதும் நினைவிற்குரியது.

தமிழ்த் தலைவாஸில் தமிழர் எத்தனை பேர் என்னும் கேள்வி இவ்வாதங்களிடையே தவறாது எழும். நியாயமான கேள்வியே. 2017இல் இவ்வணிக்காக நன்கு பாடிய தமிழக வீரர் பிரபஞ்சன் அடுத்த ஆண்டு குசராத்து அணிக்குச் சென்றார். அவ்வணி இறுதியாட்டம் வரை சென்றது. தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த தர்மராஜ் சேரலாதன் 2016இல் பாட்னா அணிக்குத் தலைமையேற்றுக் கோப்பை வென்றார். அவர் தடுப்பாளர் என்பதையும் குறித்துக்கொள்க.

தடுப்பின் பெருமைக்கு இன்னும் பெரிய சான்று ஒன்றுண்டு. 1990 முதல் 2014 வரை ஏழு ஆசிய விளையாட்டுகளிலும் ஆடவர் கபடியில் தங்கம் நமக்கே. 2018இல் சகார்த்தாவில் அரையிறுதியில் ஈரான் நம்மை 27–18 என்று வீழ்த்தியது. நம் அணியில் புகழ்பெற்ற ரைடர்கள் நிறைந்திருந்தனர். அனைவரும் சேர்ந்தும் 18க்கு மேல் எடுக்க இயலாதபடி ஈரானியர் பிடித்தனர்.

இனி எம் அணிக்கு வருகிறேன். அன்று தேநீர்க் கடையில் எவரும் பெயர் சொல்லாத ஒருவன் இருந்தான். இடது மூலையில் நிற்பவன். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் அப்பாலுள்ள சிற்றூரினன், மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்தவன். அம்மலை சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் ஆகிய மூன்று ஜாகீர்களின் ஆளுகையில் நெடுங்காலம் கிடந்து, 1976இல்தான் அரசின் நேரடி நிருவாகத்தின்கீழ் வந்தது. நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் சென்றபின்! அவன் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் அவனே.

மலைப்பிள்ளைகளுக்கு மூச்சு அதிகம், ஆகவே கபடிக்கு ஏற்றவர்கள் என்று தேர்வின்போது எல்லாரும் சொல்வர். அரை உண்மை. மேடேறிப் பழகிய கால்களுக்கு வலிமை உண்டு, மறுப்பதற்கில்லை. ஆயின் மண்களத்தில் வெறுங்காலோடு ஆடிப் பழகியவனைக் காலணி மாட்டி மெத்தை விரிப்பில் இறக்கினால் திரும்பும்போதே தடுமாறுவான். விரிப்பில் நாள்தோறும் பழகினாலன்றி அது தீராது. மூலைக்காரன் குனிந்து கணுக்காலைப் பற்றும் அதே நொடியில் பக்கத்திலிருப்பவன் வந்து சேர வேண்டும். ஒரு நொடி பிந்தினால் பிடித்தவனும் வெளியே, உதவ வந்தவனும் வெளியே. இந்த இசைவு மூச்சினால் வருவதன்று. ஒன்றாக நின்று, ஒன்றாக விழுந்து பழகியதனால் வருவது.

எம் பயிற்சி அஸர் தொழுகைக்குப் பின் தொடங்கி இருட்டும்வரை நடக்கும். கச்சிராயபாளையம் வழியே மலையேறும் அவன் ஊர்ப் பேருந்தோ அதற்கு முன்பே புறப்பட்டுவிடும். வாரத்தில் இரண்டு நாள் நின்றால் பெரிது. நின்ற நாள்களில் நகரில் உடன்படிக்கும் ஒருவன் வீட்டுத் திண்ணையில் படுத்துக்கொள்வான். விடுதி இடம் வேண்டி அவன் எழுதிய விண்ணப்பம் என் மேசைக்கு வந்தது. சாதிச்சான்று இணைக்கப்படவில்லை. பழங்குடியினருக்கு அச்சான்றை வருவாய்க் கோட்டாட்சியரிடமிருந்து பெற வேண்டும், நாளாகும். சான்று வந்தபின் பார்க்கலாம் என்று கூறி விண்ணப்பத்தைக் கோப்பில் செருகினேன். சான்று வந்தபொழுது விடுதி நிரம்பியிருந்தது. தற்காலிகமாகவேனும் ஓர் இடம் தரும்படி முதல்வரிடம் நான் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மண்டலப் போட்டியில் எம் ரைடர் பாதி ஆட்டம் வெளியே அமர்ந்ததன் கதை இதுவே. இடது மூலையில் நான்கு முறை அவன் கால் பற்றினான். நான்கு முறையும் துணை பிந்திற்று. எதிரணி அங்கேயே குறிவைத்துப் பாடியது. தேநீர்க் கடையில் இதனைச் சொன்னபோது மாணவர் சிறிது நேரம் பேசாதிருந்தனர். பின் அவர்களுள் ஒருவன், “அப்படியானாலும் ஐயா, ஒரு நல்ல ரைடர் வேண்டும் அல்லவா?” என்றான். வேண்டும்தான், அதையும் மறுக்கவில்லை. ஆனால் விளையாட்டு விடுதிகளில் பயின்ற தேர்ந்த ரைடர்களைப் பெருநகர்க் கல்லூரிகள் கட்டணச் சலுகையும் உணவும் உறைவிடமும் தந்து அழைத்துக்கொள்கின்றன. இரயில்வே, காவல்துறை, வங்கி அணிகளின் தேர்வாளர் கண்ணில் படுவதும் அங்கேதான் எளிது. நம்மிடம் வருபவர் இங்கு வீடுள்ளவர், அல்லது இங்கிருந்து வேறெங்கும் செல்ல இயலாதவர்.

பொங்கல் விடுமுறைக்குச் சென்ற அந்த இடது மூலைக்காரன் மூன்று வாரம் திரும்பவில்லை. உடற்கல்வி இயக்குநரும் நானும் ஒரு ஞாயிறன்று பேருந்தேறி மலைக்குச் சென்றோம். அவன் தந்தை மரவள்ளிக் காட்டில் இருந்தார்; மகனும் உடன் நின்று கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தான். “படிப்பு வேண்டாம்னு சொல்லலீங்க சார்; திண்ணையில படுக்க வேண்டாம்னுதான் சொன்னேன்” என்றார் அவர். விடுதியில் இப்பொழுது ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறது என்று சொன்னேன். அவன் கை மண்ணைத் தட்டிக்கொண்டு, “காலையில பிராக்டிஸ் வைப்பீங்களா ஐயா?” என்று கேட்டான்.

இவ்வாண்டு சூனில் நடந்த ஆள்தேர்வுக்கு அவன் ஊர்ப்பக்கத்திலிருந்து மேலும் இருவர் வந்தனர். இருவரும் ரைடராக வேண்டும் என்றனர். அவர்களுக்குக் கணுக்கால் பிடியைக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பை உடற்கல்வி இயக்குநர் அவனிடமே விட்டிருக்கிறார்.