கல்லான மரமும் சொல் கேட்கும் கிருமியும்

சென்ற மாதம் நம் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பெரம்பலூர் ஜில்லாவிலுள்ள சாத்தனூருக்குப் போயிருந்தோம். அங்கே ஓடையோரத்தில் 18 மீட்டர் நீளமுள்ள ஒரு பெருமரம் கல்லாய்ச் சமைந்து கிடக்கிறது. அதன் வயது சுமார் 12 கோடி ஆண்டு. அக்காலத்தில் கடல் இப்பக்கம் வரையில் பரவியிருந்தது. அதில் வாழ்ந்து மடிந்த எண்ணற்ற ஜீவன்களின் ஓடுகள் படிந்து இறுகியதே இன்று அரியலூரில் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக் கல். நம் வீடுகளுக்குச் சிமெண்டு தருவது அந்தச் சிப்பிகளின் உழைப்பே என்று சொன்னோம்.

"அப்படியானால் ஸார், நமக்கு வேண்டியதையெல்லாம் செய்யும்படி பூச்சி புழுவுக்கு உத்தரவு போட முடியாதா?" என்று ஒரு பையன் கேட்டான். மற்றப் பிள்ளைகள் நகைத்தார்கள். நமக்கு நகைப்பு வரவில்லை. உலகத்து விஞ்ஞானிகள் பலர் இன்று கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி அதுதான்.

ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் நான்கே எழுத்துக்களால் எழுதிய ஓர் ஏடு இருக்கிறது. அதற்கு டி.என்.ஏ. என்று பெயர். இன்ன பொருளை இன்னவாறு செய் என்ற கட்டளைகள் அதில் அடங்கியுள்ளன. அந்த ஏட்டில் புது வரிகளை எழுதிச் சேர்த்து, கிருமியைக் கொண்டு நமக்கு வேண்டியதைச் செய்வித்துக்கொள்ளும் வித்தையே செயற்கை உயிரியல்.

இந்த வித்தைக்கு அடிகோலியவர்களில் ஒருவர் நம் நாட்டவர் என்பதை நேயர்கள் அறிய வேண்டும். ஹர்கோவிந்த் குரானா பஞ்சாபில், இப்போது பாகிஸ்தானைச் சேர்ந்த ராய்ப்பூர் என்ற சிற்றூரில் பிறந்தவர். தகப்பனார் கிராமக் கணக்கர். சுமார் நூறு பேர் வசித்த அவ்வூரில் எழுத்தறிந்த குடும்பம் ஏறக்குறைய அது ஒன்றுதான். குரானா முதற்பாடம் கேட்டது ஒரு மரத்தடியில். சீமையில் படித்து 1949-ல் திரும்பிய அவருக்குத் தாய்நாட்டில் தக்க வேலை கிடைக்கவில்லை. மீண்டும் கடல் கடந்தார். 1968-ல் நோபல் பரிசு பெற்றார். 1970-ல் ஒரு முழு மரபணுவையே ரஸாயனசாலையில் கட்டி முடித்தார். மேதை நம்முடையவர், ஆராய்ச்சிசாலையோ அயலாருடையது!

இவ்வழியின் பலன் நம் இல்லங்களுக்குள் ஏற்கெனவே வந்துவிட்டது. நீரிழிவுக்காரருக்கு வேண்டிய இன்ஸுலினை முன்னாளில் மாடு, பன்றி இவற்றின் கணையத்திலிருந்து எடுத்தார்கள். 1978-ல் மனித இன்ஸுலினுக்குரிய கட்டளையைக் கிருமிக்குள் புகுத்தி வெற்றி கண்டார்கள். 1982-ல் அது மருந்தாக விற்பனைக்கு வந்தது. 2004-ல் பெங்களூர்க் கம்பெனியொன்று ஈஸ்டைக் கொண்டு இன்ஸுலின் செய்து விற்கத் தொடங்கியது.

மலேரியா மருந்தின் கதையில் ஒரு பாடமும் உண்டு. ஆர்டிமிஸினின் என்ற அம்மருந்து ஒருவகை மாசிபத்திரிச் செடியிலிருந்து கிடைப்பது. அமெரிக்காவில் ஜே கீஸ்லிங்கின் கூட்டத்தார், அதற்கு முந்திய நிலையிலுள்ள ஓர் அமிலத்தை ஈஸ்டின் மூலம் உண்டாக்கி 2006-ல் வெளியிட்டார்கள். 2013-ல் தொழிற்சாலையிலும் உற்பத்தி தொடங்கிற்று. ஆனால் செடியிலிருந்து எடுத்த மருந்தின் விலை இறங்கவே, புது மருந்து சந்தையில் ஊன்றி நிற்கவில்லை. விஞ்ஞானத்தில் வென்றது வியாபாரத்திலும் வெல்லும் என்பது நிச்சயமில்லை.

எரிபொருள் விஷயத்துக்கு வருவோம். பெரம்பலூரில் கண்ணுக்கெட்டிய வரையில் மக்காச்சோளமும் பருத்தியுமே தெரிகின்றன. சோள மணியிலிருந்து சாராயம் வடித்துப் பெட்ரோலில் கலக்கலாம். ஆனால் அதே மணிதான் கோழிக்கும் தீவனம். மோட்டார் வண்டியும் கோழியும் ஒரே தானியத்துக்குப் போட்டியிட்டால் முட்டை விலை என்னவாகும்? ஆகையால் தானியத்தை விட்டுத் தட்டையைப் பயன்படுத்துவதே மேல். அதிலோ ஓர் இடைஞ்சல். தட்டையிலுள்ள சர்க்கரையில் ஒரு பகுதி, ஸைலோஸ் என்பது, சாதாரண ஈஸ்டுக்கு ஆகாது. வேறு உயிர்களின் மரபணுக்களை இரவல் வாங்கிக் கொடுத்தால் அதையும் புளிக்கவைக்கிறது. வைக்கோலிலிருந்து சாராயம் எடுக்கும் ஆலை ஹரியானாவின் பானிப்பட்டில் 2022-ல் திறக்கப்பட்டது. நம் சோளத்தட்டைக்கும் பருத்திமாருக்கும் அத்தகைய காலம் வராதா?

அரியலூர்ச் சூளைப் புகையின் காரியம் இன்னும் கடினமானது. சுண்ணாம்புக் கல்லைச் சுடும்போது, பண்டைச் சிப்பிகள் சேர்த்து வைத்த கரியமில வாயு வெளியேறுகிறது. எஃகு ஆலைப் புகையைத் தின்று சாராயம் தரும் கிருமிகள் சீனாவில் 2018 முதல் வேலை செய்கின்றன. ஆனால் அப்புகையில் எரியக்கூடிய வாயு உண்டு. கரியமில வாயுவோ எரிந்து தீர்ந்த சாம்பலைப் போன்றது. அதனுடன் ஹைட்ரஜன் சேர்த்தாக வேண்டும். அதற்குச் செலவு அதிகம்.

1949-ல் நாம் செய்த பிழையை மறுபடியும் செய்யலாகாது. உயிரியல் உற்பத்தியை வளர்க்க 2024-ல் மத்திய மந்திரிசபை ஒரு கொள்கையை அங்கீகரித்திருக்கிறது. நல்லதே. எனினும் கொள்கை காகிதத்தில் இருக்கும். கேள்வியோ பிள்ளைகளின் நாவில் இருக்கிறது. அதைக் கேட்கும் பிள்ளைக்கு நம் பள்ளியில் ஒரு நல்ல பூதக்கண்ணாடி உண்டா? அவன் கற்றுத் தேறிய பின் நம் ஜில்லாவிலேயே ஓர் ஆராய்ச்சிசாலை உண்டா? தட்டையை விளைவித்த குடியானவனுக்கு லாபத்தில் பங்கு உண்டா?

இயற்கை 12 கோடி ஆண்டு பொறுத்திருந்து ஒரு மரத்தைக் கல்லாக்கியது. அவ்வளவு காலம் காத்திருக்க அந்தப் பையனால் முடியாது. நம் நாட்டினாலும் முடியாது.