சோறு இறங்கத் தொடங்கியதும் வரும் கனவுகள்

அம்பாறைக் கரையோரத்தில் கோமாரி, பொத்துவில், திருக்கோவில் பக்கமிருந்தும் கல்முனை, மருதமுனைப் பக்கமிருந்தும் மெலிந்துபோன பிள்ளைகள் மனநலப் பிரிவில் எங்களிடம் வந்து சேர்வது எப்போதும் கடைசியாகத்தான். வயிற்று ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, 'கெஸ்ட்ரைட்டிஸ்' என்று மூன்று மாதம் குளிசை கொடுத்தாகிவிட்டது. ஓதிய தண்ணீர் குடித்து, கையில் நூல் கட்டி, நாட்டுப் பரிசாரியிடம் பேதிக்கும் வாங்கிக் குடித்தாகிவிட்டது. எல்லாம் முடிந்து, நடக்க முடியாத நிலையில் வாப்பாவோ மாமாவோ தாங்கிப் பிடித்துக்கொண்டு வருவார்கள்.

உயரம் 155 சென்ரிமீற்றர், எடை 36 கிலோ என்றால் உடல் நிறைச் சுட்டெண் 15. வளர்ந்தவர்களுக்குக் குறைந்தது 18.5 இருக்க வேண்டும். விரல்கள் சித்திரை வெயிலிலும் குளிர்ந்திருக்கும். முன்கையில் பூனைமயிர் முளைத்திருக்கும். நாடி நிமிடத்துக்கு நாற்பதைச் சுற்றி அடிக்கும். இவ்வளவும் எல்லோர் கண்ணிலும் படும். அந்தப் பிள்ளை எப்போதும் வாசலைப் பார்த்தபடி உட்காருவதும், பக்கத்து அறைக் கதவு அடித்தால் தூக்கிவாரிப் போடுவதும், இரவு இரண்டு மணிக்கு விழித்தால் விடியும்வரை தூங்காததும் யார் கண்ணிலும் படுவதில்லை. இது எந்த ஒருவரின் கதையுமல்ல, பலரிடம் பார்த்ததைச் சேர்த்து எழுதுகிறேன்.

உணவுக் கோளாறும், கொடிய அனுபவம் விட்டுச்சென்ற மனவடுவும் ஒரே உடம்பில் குடியிருக்கும்போது ஒன்றை விட்டு மற்றதை மட்டும் வைத்தியம் செய்ய முடியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

'கொழும்புப் பிள்ளைகளின் நோய்'

சாப்பிட மறுக்கும் நோய் என்றால் அழகுக்காக மெலிய நினைக்கும் பணக்கார வீட்டுப் பெண்களின் நோய் என்று படித்தவர்களே சொல்கிறார்கள். எங்கள் பிள்ளைகளில் பலர் 'நான் குண்டு' என்று சொல்வதே இல்லை. 'தொண்டைக்குள்ள இறங்குதில்ல', 'ரெண்டு வாய் திண்டா வயிறு ஊதுது', 'நெஞ்சு அடைக்குது' என்பார்கள். ஹொங்கொங்கில் மனநல வைத்தியர் சிங் லீ 1990களிலேயே இதைக் கவனித்து எழுதினார். அவரிடம் வந்தவர்களில் கணிசமானோருக்கு உடல் பெருக்கும் என்ற பயம் இருக்கவில்லை, வயிற்றைத்தான் குறை சொன்னார்கள். மேற்கத்தியப் பாடப்புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால் இவர்கள் தப்பிவிடுவார்கள். நம் கரையில் தப்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நினைவும் உணவை விலக்க வைக்கும். சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் எத்தனை வீடுகளில் மாதக்கணக்காக மீன் ஏறவில்லை என்பது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். கடல் கொண்டுபோன உடல்களை நினைத்து மீனைத் தொட முடியாமல் போனது. பெரும்பாலானோருக்கு அது தானாகவே விலகியது. சிலருக்கு மீனில் தொடங்கி இறைச்சி, முட்டை, மணம் வரும் கறி என்று விலக்கும் பட்டியல் நீண்டுகொண்டே போய், கடைசியில் பிளேன்ரீயும் விசுக்கோத்தும் மட்டும் மிஞ்சுகின்றன. மணத்துக்கும் நினைவுக்கும் உள்ள நெருக்கம் அப்படி.

எல்லாவற்றையும் சுனாமியின் தலையில் போடாதீர்கள்

2004 டிசம்பர் 26 அன்று இலங்கையில் அதிக உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம். அதற்கு முன்னும் பின்னும் யுத்தம், 1990இல் இந்தக் கரையில் நடந்த கொலைகளும் இடப்பெயர்வும், 2019 ஏப்ரல் 26 அன்று சாய்ந்தமருதில் நடந்த குண்டுவெடிப்பு. இங்கே மனவடுவுக்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. அதனாலேயே ஒரு வசதியும் உண்டாகிவிட்டது. 'கடல் வந்ததிலிருந்து குடும்பமே இப்படித்தான் டொக்டர்' என்று உம்மா சொல்லி முடிக்கும்போது, கட்டிலில் இருக்கும் பிள்ளைக்குப் பதினெட்டு வயது என்பது எனக்கு உறைக்கும். அவள் பிறந்ததே சுனாமிக்குப் பிறகு!

தாய் தகப்பனின் துயரம் பிள்ளையைப் பாதிக்காது என்று சொல்லவில்லை. ஆனால் உணவுக் கோளாறோடு மிக அடிக்கடி சேர்ந்து காணப்படும் மனவடு சிறுவயதுப் பாலியல் துன்புறுத்தல், அடி, ஓயாத அவமானம். பல நாட்டு ஆய்வுகள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. இவை பெரும்பாலும் நடப்பது வீட்டுக்குள்ளும் தெரிந்தவர்கள் கையாலும்தான். சுற்றிலும் ராத்தா, மாமி, சின்னம்மா எல்லோரும் நிற்க, 'உனக்கு என்ன நடந்த?' என்று கேட்டால் எந்தப் பிள்ளை வாய் திறக்கும்? அறையை விட்டு வெளியே போகச் சொன்னால் உறவுக்காரர்கள் கோபிக்கிறார்கள். கோபிக்கட்டும்.

பட்டினி ஏன் அவளுக்கு இதமாக இருக்கிறது

1944–45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி, நல்ல உடல்நலமுள்ள 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் அரைவயிற்று உணவு கொடுத்துப் பார்த்தார். உடல் எடையில் ஏறத்தாழக் கால்வாசி போயிற்று. மனமும் சேர்ந்து போயிற்று. எரிச்சல், சோர்வு, ஆட்களை விலக்கி ஒதுங்குதல், எந்நேரமும் உணவைப் பற்றியே யோசித்தல், சமையல் புத்தகம் சேர்த்தல். அவர்கள் எவருக்கும் முன்பு மனநோய் இருக்கவில்லை. ஆகவே மெலிந்த பிள்ளையிடம் நாம் பார்க்கும் சிடுசிடுப்பிலும் ஒதுங்கலிலும் ஒரு பங்கு வெறும் பசியின் வேலை. அதைப் பார்த்து 'திமிர்' என்பவர்களுக்கு என்ன சொல்வது!

இன்னொரு பங்கு இதைவிடச் சிக்கலானது. பட்டினி உணர்ச்சிகளை மரத்துப்போகச் செய்கிறது. பயமும் வெட்கமும் துன்புறுத்தப்பட்ட நாளின் காட்சியும் மங்கிப்போகின்றன. அவளுக்கு வேறெதிலும் கிடைக்காத நிம்மதி அதில் கிடைக்கிறது. அதனால்தான் சாப்பாட்டைத் தட்டிவிடுகிறாள்.

இனிச் சொல்வதைக் குடும்பத்தார் இரண்டு முறை வாசியுங்கள். வைத்தியசாலையில் மெல்ல மெல்லச் சோறு இறங்கி, எடை இரண்டு மூன்று கிலோ ஏறும்போது அந்த மரப்பு விலகலாம். கெட்ட கனவுகள் கூடும், அழுகை வரும், முன்பு சொல்லாததைச் சொல்வாள். 'இஞ்ச வந்துதான் பிள்ளைக்கு முத்திப்போச்சு' என்று துண்டு வெட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறீர்கள். முத்தவில்லை. உடம்பில் தெம்பு வந்ததும் மனம் பேசத் தொடங்கியிருக்கிறது. அந்தக் கட்டத்தில் வெளியேறியவர்கள் திரும்பி வரும்போது, முதலில் வந்தபோது இருந்த எடையை விடவும் குறைந்திருக்கிறார்கள்.

'முதலில் எடை ஏறட்டும்' என்ற பழைய பாடம்

வைத்தியர்கள் பக்கத்திலும் குறை உண்டு. எடை சரியாகும்வரை மனவடுவைத் தொடக்கூடாது என்றே நெடுங்காலமாகக் கற்பித்தார்கள். பட்டினி கிடக்கும் மூளை பேச்சைப் பிடித்து வைத்துக்கொள்ளாது, பலவீனமான இதயம் பதற்றத்தைத் தாங்காது என்பது காரணம். காரணத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் எடை ஏறவிடாமல் தடுப்பதே அந்த நினைவுகள்தான் என்றால், எந்தக் காலம்வரை காத்திருப்பது?

நெதர்லாந்தில் 2022இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில், எடை மிகக் குறைந்த நிலையிலேயே சிலருக்கு மனவடுச் சிகிச்சையைத் தொடங்கினார்கள். அந்தக் கொடிய காட்சியை மனக்கண்ணில் கொண்டுவந்து, சிகிச்சையாளரின் துணையோடு அதன் போக்கை மாற்றும் முறை அது. காட்சிக்குள் ஒரு பெரியவர் நுழைகிறார், தீங்கு செய்பவனைத் தடுக்கிறார், பிள்ளையை வெளியே கூட்டிக்கொண்டு போகிறார். நடந்தது மறக்காது, அதன் பிடி தளரும். பங்கேற்றவர்களின் மனவடு அறிகுறிகள் குறைந்தன. விரல்விட்டு எண்ணும் அளவு நோயாளிகள்தான், இதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. இருந்தாலும் கதவு திறந்திருக்கிறது.

நிபந்தனைகள் உண்டு. உணவுச் சிகிச்சை ஒரு நாளும் நிற்காமல் நடக்க வேண்டும், இதயமும் இரத்த உப்புகளும் நிலையாக இருக்க வேண்டும், துன்புறுத்தியவன் இன்னும் அதே வீட்டில் சோறு தின்றுகொண்டிருக்கக் கூடாது. அமர்வுகள் சுருக்கமாக இருக்க வேண்டும், பேசியதை ஒரு தாளில் எழுதிக் கொடுப்பது நல்லது. சுனாமிக்குப் பிறகு கூடாரம் கூடாரமாக வந்து 'நடந்ததைச் சொல்லுங்கள்' என்று ஒரே நாளில் அழவைத்துவிட்டுப் போனவர்களை நினைவிருக்கிறதா? அந்த ஒருநாள் கொட்டித்தீர்க்கும் முறை மனவடுவைத் தடுப்பதில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்யலாம் என்பது அப்போதே தெரிந்திருந்த விஷயம். அதை மறுபடி செய்ய வேண்டாம்.

மனச்சோர்வுக் குளிசைகளும் எலும்பும் தோலுமான உடம்பில் எதிர்பார்த்தபடி வேலை செய்வதில்லை. 'நல்ல பவர் குளிசையா எழுதுங்க' என்று கேட்காதீர்கள்.

பார்மசியிலிருந்தும் பரிசாரியிடமிருந்தும்

பசி எடுக்க சிரப், உடம்பு வைக்கக் குளிசை. அந்தக் குளிசை பெரும்பாலும் ஸ்ரிரோயிட். முகம் ஊதும், உம்மாவுக்குச் சந்தோஷம், உள்ளே தசையும் எலும்பும் கரையும். மாதவிடாய் நின்றுவிட்டது என்று ஹோர்மோன் குளிசை வாங்கிக் கொடுக்கிறார்கள். உதிரம் வரும், உடம்பு தேறிவிட்டது என்று எல்லோரும் நினைப்பார்கள், பட்டினி அப்படியே இருக்கும். தூக்கம் இல்லை என்று யாருடையதோ கிளினிக் கொப்பியில் எடுத்த நித்திரைக் குளிசை. மனவடுவுக்கு அது மருந்தே கிடையாது, பழக்கம் மட்டும் மிஞ்சும்.

எல்லாவற்றிலும் மோசமானது பேதி. 'வயிற்றில் கிடக்கும் அழுக்கு போனால் பசிக்கும்' என்று ஆமணக்கெண்ணெயோ சூரணமோ கொடுத்து ஏழெட்டு முறை போக வைக்கிறார்கள். ஏற்கெனவே குறைந்திருக்கும் பொட்டாசியம் அதோடு வடிந்துவிடும். பொட்டாசியம் விழுந்தால் இதயம் ஒழுங்கு தவறும், நின்றும் போகும். நாற்பது கிலோகூட இல்லாத பிள்ளைக்குப் பேதி கொடுக்க எப்படித்தான் மனம் வருகிறதோ!

அடுத்தது சேலைன். களைப்பாக இருக்கிறது என்று தனியார் டிஸ்பென்சரியில் சீனிச் சேலைன் இரண்டு போத்தல் ஏற்றிவிட்டு வருவார்கள். வீட்டில் புக்கை, பால், பேரீச்சம்பழம், சூப் என்று ஒரே நாளில் திணிப்பவர்களும் உண்டு. நாட்கணக்காகப் பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று மாச்சத்து ஏறினால் இரத்தத்திலுள்ள பொஸ்பேற்று, பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் கலங்களுக்குள் ஓடிவிடும். தயமின் என்ற பி1 விற்றமினும் தீர்ந்துபோய் மூளை பாதிக்கப்படலாம். இரண்டாம் உலகப்போர் முடிந்து சிறைமுகாம்களிலிருந்து விடுதலையானவர்களில் பலர் வயிறாரச் சாப்பிட்ட பிறகே இறந்தார்கள். சுட்டெண் 16க்குக் கீழே போனவர்களுக்கும் பத்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றும் சாப்பிடாதவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம். முதலில் தயமின், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உணவு, அதுவும் இரத்தத்தைப் பார்த்துப் பார்த்து.

பரிசோதனை என்றால் இரத்த உப்புகள், சீனி, ஈசிஜி. அவ்வளவுதான் முதலில் வேண்டும்.

நோன்பும் ஓதலும்

ஓதிப் பார்ப்பதோடு எனக்குப் பிணக்கு இல்லை. நல்ல மௌலவி ஒருவர் ஓதிவிட்டு, 'பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க' என்று சொன்னதால் பிழைத்தவர்கள் உண்டு. ஜின்னை விரட்டுகிறோம் என்று அடிப்பதும் சாம்பிராணிப் புகையில் மூச்சுமுட்ட வைப்பதும் வேறு. ஏற்கெனவே அடிபட்ட மனத்துக்கு இன்னுமொரு அடி அது.

றமழானில் நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. ஆனால் திங்கள், வியாழன் என்று சுன்னத்தான நோன்புகளைத் தவறாமல் பிடித்து, நோன்பு திறக்கும்போது ஈத்தம்பழம் ஒன்றோடு எழுந்துவிடும் பிள்ளையைப் பார்த்து வீட்டார் பெருமைப்படுகிறார்கள். திருக்கோவில் பக்கம் கந்தசஷ்டி ஆறு நாளும் தண்ணீரோடு இருந்துவிட்டு ஏழாம் நாளும் விடாதவளைப் பார்த்தும் அப்படித்தான். விரதம் முடிந்த பிறகும் பசி திரும்பவில்லை என்றால் அது பக்தியோடு நிற்கவில்லை. உலமாக்களிடமும் ஐயர்மாரிடமும் என் வேண்டுகோள்: நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் நான் ஒரு மணி நேரம் பேசுவதைவிட வீட்டார் கேட்பார்கள். சொல்லுங்கள்.

தயவுசெய்து

கல்யாணம் முடித்து வைத்தால் சரியாகிவிடும் என்று நாள் குறித்துவிடாதீர்கள். அவளுக்கு நடந்தது என்னவென்று தெரியாமல் ஒரு புது மனிதனோடு ஒரே அறையில் அடைக்காதீர்கள். ஆண் பிள்ளைகளுக்கும் இது வரும், 'வேலை கூட, அதான் மெலிஞ்சிட்டான்' என்று விட்டுவிடாதீர்கள். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் சேர்ந்து அவள் தட்டையே பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். உடை தொளதொளக்கத் தொடங்கி மூன்று மாதம் ஆகுமுன் கொண்டு வாருங்கள். மனநோய்களில் அதிகம் உயிர் பறிப்பவற்றில் இந்தச் சாப்பிட மறுக்கும் நோயும் ஒன்று.

கல்முனை, அக்கரைப்பற்று ஆதார வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. கோமாரியிலிருந்து பஸ் ஏறுமுன் யாரோடாவது பேச வேண்டுமென்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 எண்ணுக்கு அழைக்கலாம். வரும்போது இதுவரை கொடுத்த எல்லாக் குளிசைகளின் உறைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். ஓதிய தண்ணீர்ப் போத்தலும் அதில் இருக்கட்டும், நான் ஒன்றும் சொல்லமாட்டேன். பேதிக்கு என்ன கொடுத்தீர்கள் என்பதை மட்டும் மறைக்காதீர்கள்.